முப்பத்தொன்றாம் எண் கோட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்க்ரா ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு இரும்புக் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். யாரோ ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மரண அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாதாரணப் பசை இல்லை, தரையில் ஓடு பதிக்கிற பசை. பாவி, நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறான். லோம் ஊரில் செத்தவர்கள் படம் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டியிருப்பது அதிசயமே இல்லை. செத்த அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். ஆனால் இவள் வீட்டில் யாரும் சாகவில்லை. படத்தில் இருந்த கிழவி யாரென்றே இவளுக்குத் தெரியாது. அடியில் நீலப் பேனாவால் எழுதியிருந்தது: "என் கோட்டை எவ்வளவுக்கு வித்தே?"

கிழவியின் நெற்றி உரிந்து வந்தது, கண் வரவில்லை. இஸ்க்ரா பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். கதவின் நீலப் பூச்சும் சேர்ந்து உதிர்ந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திரை லேசாக விலகி மறுபடி மூடிக்கொண்டது.

"பாரு, நல்லா பாரு! டிக்கெட்டா வாங்கணும்?" என்று அந்த ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

அசென் வேனிலிருந்து பெயின்ட் கரைக்கிற திரவத்தையும் ஒரு பழைய பனியனையும் எடுத்துக்கொண்டு வந்தான். அவள் புருஷன். ஜெர்மனிக்கும் லோமுக்கும் வேன் ஓட்டுகிறவன். போகும்போது ஆட்கள், வரும்போது பார்சல்களும் இவள் வியாபாரத்துக்கான பழந்துணி மூட்டைகளும். பேச்சு என்பது அவனுக்கு டீசல் மாதிரி, தேவைக்கு மேல் ஒரு சொட்டுச் செலவழிக்க மாட்டான். வெள்ளிக்கிழமைதான் வந்து இறங்கியிருந்தான். அவள் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பனியனை நனைத்துக் கதவைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இதோட விட்டுடு இஸ்க்ரா," என்றான், கதவைப் பார்த்தபடியே.

"எதை விடணும்?"

"எல்லாத்தையும்தான். ஒரு மாசம் போனா ஜனங்க மறந்துடுவாங்க."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "என்னய்யா மனுஷன் நீ? உன் பொண்டாட்டியைப் பிணத்துக்கிட்ட துணி உருவுறவன்னு ஊரே பேசுது. வேற ஒருத்தனா இருந்தா அந்த ருமெனா வீட்டுக் கதவை உடைச்சிருப்பான். உனக்கு வாயில நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? எனக்காக இந்த உலகத்துல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கியா?"

அசென் துடைப்பதை நிறுத்தினான். ஏதோ சொல்லப் போகிறவன் போல வாயைத் திறந்தான். அப்புறம் பனியனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி துடைத்தான். கிழவியின் கண் ஒருவழியாகக் கரைந்து வழிந்தது. இஸ்க்ரா கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்தது இதுதான். பழந்துணியைப் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு, வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கைபேசி முன்னால் நின்று நேரலையில் விற்பது இஸ்க்ராவின் பிழைப்பு. ஒவ்வொரு துணிக்கும் ஒரு எண். துணியைத் தூக்கிக் காட்டி எண்ணைச் சொன்னதும், பார்த்துக்கொண்டிருக்கிறவர்களில் யார் முதலில் "எனக்கு" என்று எழுதுகிறார்களோ, துணி அவர்களுக்கு. லோமில் இப்படி விற்கிறவர்கள் பதினோரு பேர். அதில் பென்கா ஒருத்தி, ருமெனா ஒருத்தி. ஆறு வருஷம் ருமெனாவும் இவளும் ஒரே கராஜில், ஒரே விளக்குக்குக் கீழே, மாற்றி மாற்றி நின்று விற்றவர்கள்தான். பிரிந்தபோது வாடிக்கைக்காரிகளில் முக்கால்வாசிப் பேர் இஸ்க்ரா பின்னால் வந்துவிட்டார்கள். ஏன் வரமாட்டார்கள்? பொத்தான் இல்லாத சட்டைக்குப் பொத்தான் தைத்து விற்கிறவள் இவள். ஓட்டையை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு விற்கிறவள் அவள்.

அந்த வயிற்றெரிச்சல் ஒன்றரை வருஷம் ஊறி, போன செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது. குளிர்காலக் கோட்டுகளின் முதல் நாள். முப்பத்தொன்றாம் எண், கரும்பச்சை நிறத்தில் ரோமக் கழுத்து வைத்த கோட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ருமெனா சொன்னாளாம்: இது உயிரோடு இருக்கிறவர்கள் போட்ட கோட்டு, நம்ம ஊரிலேயே ஒருத்தி பிணவறை ஆளைக் கையில் போட்டுக்கொண்டு, செத்தவர்கள் உடம்பு ஆறுவதற்குள் துணியை உருவி, துவைத்து உங்களுக்கே விற்கிறாள், அந்த மாதிரி இல்லை என்று. பேரைச் சொல்லவில்லை. அதுதான் அவள் சாமர்த்தியம். பேரை யாரோ கமெண்டில் எழுதினார்கள். அவ்வளவுதான், ஐந்தே நிமிஷத்தில் ஊர் முழுக்க இஸ்க்ரா, இஸ்க்ரா, இஸ்க்ரா.

அவள் அப்போது வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நேரலை முடிந்த கையோடு ருமெனா அதை அழித்துவிட்டாள். எல்லோரும் அழிப்பதுதான், வரி அலுவலகத்துக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று. புதன்கிழமை முதல் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. இதுவரை பதினான்கு. ஒருத்தி போன வருஷம் வாங்கிய ஸ்வெட்டரை எரித்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். வியாழக்கிழமை இவள் நேரலையில் வந்து நின்றபோது ஒன்பது பேர் இருந்தார்கள், அதில் நாலு பேர் சிரிக்கிற முகம் போடுவதற்காகவே வந்தவர்கள். குளிர்கால வியாபாரம் போனால் வருஷமே போன மாதிரி.

ருமெனா மேல் இருந்த கோபத்தை விட, அந்தப் பேரை எழுதின கை மேல்தான் இஸ்க்ராவுக்கு ஆத்திரம் பொங்கியது. ருமெனா விஷத்தைக் காற்றில் தெளித்தாள், அதை இவள் வீட்டு வாசலுக்கு வழிகாட்டிக் கூட்டிவந்தது அந்தக் கைதானே. யார் அது? ரொட்டிக் கடைக்காரியைக் கேட்டாள், மருந்துக் கடைக்காரியைக் கேட்டாள், கூடப் படித்தவளைக் கேட்டாள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். "சரியா கவனிக்கலை இஸ்க்ரா," என்று சொல்லிவிட்டுப் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுகிறார்கள். சொல்லும்போது அவர்கள் பார்வையில் ஒரு பரிதாபம் வேறு. அந்தப் பரிதாபத்தைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை நோட்டரி திமோவின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். கடைத்தெருவில் மாடி அறை. திமோவ் பெரிய உடம்புக்காரர், மூச்சு வாங்கி வாங்கிப் பேசுவார்.

"பாத்தவங்க முன்னூறு பேர் இருக்காங்க," என்றாள் இஸ்க்ரா.

"முன்னூறு பேரும் கோர்ட்டுக்கு வந்து ஞாபகம் இல்லைன்னு சொல்லுவாங்கம்மா. முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், தெரியாதா எனக்கு? பதிவு இருக்கா, சொல்லுங்க. கமெண்ட்டோட, நேரத்தோட ஓடுற பதிவு. அது இருந்தா நான் பாத்து, பாத்ததைப் பாத்தபடி எழுதி, முத்திரை போட்டுத் தருவேன். அதை எந்த வக்கீலும் ஊதித் தள்ள முடியாது."

"பதிவு கிடைச்சா?"

"கிடைச்சா யாரும் தொறக்கக் கூடாது. உங்களுக்கு அனுப்பக் கூடாது, வேற போனுக்கு மாத்தக் கூடாது. எந்தப் போன்ல வந்து விழுந்துதோ அந்தப் போனையே கொண்டாந்து என் மேஜைல வைங்க. இங்க வச்சு முதல் தடவையா தொறப்போம். முன்னாடியே தொறந்து நோண்டினா, நீங்களே வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்க."

மாடிப்படி இறங்கும்போதே இஸ்க்ராவுக்கு வழி தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் ஊறினவளுக்குத்தான் தெரியும் அந்த வழி. நேரலை விற்பனை என்றால் சண்டை இல்லாமல் இருக்காது. நான்தான் முதலில் "எனக்கு" என்று எழுதினேன், இல்லை நான்தான் என்று இரண்டு பெண்கள் ஒரு பாவாடைக்காக ஜென்மப் பகை வளர்ப்பார்கள். அதற்காகவே ஒவ்வொரு விற்பவளும் பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்துத் திரையை முழுக்கப் பதிவு செய்வாள். நேரலையை உடனே அழித்தாலும் அந்தப் பதிவு ஒரு வாரம் இருக்கும், பார்சல்களைக் கூரியர் அலுவலகத்திலிருந்து எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை. யாராவது தகராறு செய்தால், அந்த எண் வரும் நாலைந்து நிமிஷத்தை மட்டும் வெட்டி அவர்களுக்கு அனுப்பி வாயை அடைப்பார்கள். பதினோரு பேருக்கும் பொதுவான வழக்கம் இது. ருமெனாவுக்குப் பதிவு செய்வது அவள் நாத்தனார் ஸ்டெஃப்கா. செவ்வாய்க்கிழமை சொன்னது, ஒரு வாரம் என்றால் நாளையோடு சரி. முப்பத்தொன்றாம் எண் கோட்டைப் பற்றி இன்றைக்குள் யாராவது தகராறு செய்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு டோன்கா அக்கா முற்றத்தில் உட்கார்ந்து சுட்ட சிவப்புக் குடமிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கரி. அந்தக் கரும்பச்சைக் கோட்டுக்கு "எனக்கு" என்று எழுதித் தோற்றவள் அவள். தோற்ற நாளிலிருந்து, மிளகாய் வாங்கப் போனாலும் கோட்டுப் பேச்சு, தபால் வாங்கப் போனாலும் கோட்டுப் பேச்சு.

"ஸ்டெஃப்காவுக்கு எழுது அக்கா. நீதான் முதல்ல எழுதினே, பதிவைக் காட்டுன்னு கேளு."

டோன்காவின் விரல் நின்றுவிட்டது. "போனது போகட்டும்டி. எனக்கு இருக்கற கோட்டே போதும்."

"அஞ்சு நாளா அதையே சொல்லிப் புலம்பினது யாரு?"

"புலம்பினேன். புலம்புறதுக்குக் காசா பணமா?"

"அக்கா, விளையாடாதே. உன் காலைப் பிடிக்கணுமா?"

"அந்தக் கமெண்ட் யாரு எழுதினதுன்னு கண்டுபிடிக்கத்தானே உனக்கு இந்த ஆட்டம்?" டோன்கா மிளகாயைத் தட்டில் போட்டாள். "நான் கோட்டைத்தான் பாத்துட்டிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சொல்றேன் கேளு. சிலதை நோண்டாம விட்டா நீ நல்லா இருப்பே."

"நான் நல்லா இருக்க வேண்டாம். அவங்க நல்லா இருக்கக் கூடாது."

டோன்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இருபது வருஷமாக ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறவர்கள். டோன்காவின் புருஷன் படுக்கையில் கிடந்த நாலு மாதமும் துணி துவைத்துக் கொடுத்தது இஸ்க்ராதான். அதை இஸ்க்ரா சொல்லிக்காட்டவில்லை. சொல்லாமல் வேலிப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள், அதுவே போதுமானதாக இருந்தது. டோன்கா கரிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினாள்: முப்பத்தொன்று எனக்குத்தான் முதலில். ஏமாற்றுகிறீர்கள். பதிவைக் காட்டுங்கள்.

பதினைந்து நிமிஷத்தில் ஸ்டெஃப்காவிடமிருந்து பதில் வந்து விழுந்தது. ஐந்து நிமிஷப் பதிவு, கூடவே ஒரு வரி: "நாலு செகண்ட் லேட், டோன்கா அக்கா. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க." பக்கத்தில் நாக்கை நீட்டுகிற முகம்.

இஸ்க்ரா சிரித்தாள். ஆறு நாளில் முதல் சிரிப்பு. எதிரியே கயிற்றைத் திரித்துக் கையில் கொடுத்திருக்கிறாள்! "தொறக்காதே! விரலை எடு அக்கா!" என்று போனைப் பிடுங்கி, ஒரு கைக்குட்டையில் சுற்றித் தன் மேலாடைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அவள் மனசுக்குள் ஒரே சினிமா. ருமெனா கோர்ட்டில் நிற்கிறாள். நீதிபதி கேட்கிறார், ருமெனா மென்று முழுங்குகிறாள். அப்புறம் அந்தக் கமெண்ட் எழுதினவள் நிற்கிறாள். அவள் முகம் மட்டும் மாறி மாறி வந்தது, ரொட்டிக் கடைக்காரியாக, மருந்துக் கடைக்காரியாக, எதிர் வீட்டு ஜன்னலாக. இஸ்க்ரா ஒவ்வொருத்தியையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். பாத்திரம் கழுவும்போதும் கேட்டாள், கோழிக்குத் தீனி போடும்போதும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அசென்தான் காரில் கூட்டிக்கொண்டு போனான். டோன்கா பின் இருக்கையில் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அலுவலகத்துக்கு எதிரே நிறுத்தினான்.

"நீயும் மேல வாயேன். யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றாள் இஸ்க்ரா.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவில்லை.

கோழை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் படியேறினாள்.

திமோவ் போனை வாங்கி, அதன் மாடலைக் குறித்துக்கொண்டார், எண்ணைக் குறித்துக்கொண்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டார். டோன்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் ஒரு காமிராவை வைத்துவிட்டு, போனைப் பெரிய திரையோடு இணைத்து, பதிவைத் தட்டினார்.

ருமெனா வந்தாள். உதட்டுச் சாயம், தலையில் சுருள். கையில் அந்தக் கோட்டு. இஸ்க்ராவின் கண் அந்த முகத்தை விட்டு அசையவில்லை. சொல்லு, சொல்லு, சொல்லுடி என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ருமெனா சொன்னாள். கேள்விப்பட்டதை விட மோசமாகவே சொன்னாள். பிணவறை, உடம்புச் சூடு, ஊசி மாத்திரை வாடை, எல்லாம். ஓரத்தில் கமெண்டுகள் சரசரவென்று மேலே ஏறி ஓடிக்கொண்டிருந்தன, அதைப் படிக்க இவளுக்குக் கண் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ருமெனா திரையை உற்றுப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. முகமெல்லாம் சிரிப்பு. ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்து, "நான் ஒண்ணும் சொல்லலைப்பா," என்றாள்.

"பிடிச்சாச்சு," என்றாள் இஸ்க்ரா சத்தமாக. டோன்கா கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த முக்கால் மணி நேரம் திமோவ் பதிவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தார். ஒரு இடத்தில் கை நின்றது. கண்ணாடிக்கு மேலாக இஸ்க்ராவைப் பார்த்தார். அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டி எதையோ சரிபார்த்தார். பிறகு மறுபடி தட்டினார். இஸ்க்ரா இதையெல்லாம் கவனிக்கவில்லை. இந்த வருஷமே கோர்ட்டு முடிந்துவிடுமா, ருமெனா கட்டப்போகும் அபராதம் செய்தித்தாளில் வருமா என்று அவளுக்கு ஆயிரம் யோசனை.

"இப்ப நான் முழுசையும் சத்தமா வாசிக்கணும். அதுதான் சட்டம்," என்றார் திமோவ். "நடுவுல நிறுத்தணும்னா சொல்லுங்க."

"எதுக்கு நிறுத்தணும்? வாசிங்க."

அவர் ரயில் நேரம் அறிவிக்கிற குரலில் வாசித்தார். தேதி, இடம், ஆட்கள், கருவி. பிறகு ருமெனா சொன்னது, சொல்லுக்குச் சொல். ருமெனா வாயில் கேட்டபோது கோபம் வந்தது. இந்த மனுஷன் குரலில் கேட்டபோது கோபம் வரவில்லை. உயிரற்ற குரலில் வருகிறபோது அது நிஜம் மாதிரியே இருந்தது.

"பத்தொன்பது மணி நாற்பத்தொரு நிமிடம் ஐந்து விநாடி. கமெண்ட்: 'யாரது, பென்காவா?' நாற்பத்தொன்று பதினொன்று. கமெண்ட்: 'பென்காவாதான் இருக்கும்.' நாற்பத்தொன்று இருபது. கமெண்ட்: 'எனக்கு 31.' நாற்பத்தொன்று இருபத்து நான்கு. டோன்கா ஸ்டோயனோவா: 'எனக்கு 31.'"

நாலு செகண்ட். டோன்கா இதற்குக்கூட நிமிரவில்லை.

திமோவ் தண்ணீர் குடித்தார். "நாற்பத்திரண்டு பதினாறு. அசென் வெல்கோவ் என்ற பெயரிலிருந்து கமெண்ட்: 'ருமெனா, நாக்கை அடக்கிப் பேசு. என் பொண்டாட்டி இஸ்க்ரா அப்படிப்பட்டவ இல்ல. அந்த மூட்டையெல்லாம் என் கையால ஏத்தி இறக்குறது. அதுல செத்தவங்க துணி ஒண்ணு கூட கிடையாது.'"

 கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"நாற்பத்திரண்டு இருபத்தொன்று. கமெண்ட்: 'இஸ்க்ராவா!' நாற்பத்திரண்டு இருபத்து மூன்று. 'கடவுளே, போன மாசம்தான் அவகிட்ட வாங்கினேன்.' நாற்பத்திரண்டு இருபத்தைந்து. சிரிக்கும் முகங்கள், பதினேழு. நாற்பத்திரண்டு முப்பது. 'புருஷனே வந்து சொல்லிட்டான்.' நாற்பத்து நான்கு ஐம்பது. அசென் வெல்கோவ் பெயரிலான கமெண்ட், அதை எழுதியவராலேயே நீக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. அதன் பிறகு அது திரையில் காணப்படவில்லை."

"நிறுத்துங்க," என்றாள் இஸ்க்ரா.

அவர் நிறுத்தினார்.

அன்றைக்கு அவன் ஹங்கேரியில் எங்கோ பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து, இவளுக்காக எதிரியின் கடையை வேவு பார்த்துக்கொண்டு, அந்தப் பெரிய விரல்களால் இத்தனை வார்த்தையை எழுதியிருக்கிறான். கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷத்தில் இவளிடம் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. எழுதி, பதினேழு முகம் சிரித்ததைப் பார்த்து, இரண்டரை நிமிஷம் கழித்து அழித்திருக்கிறான். அழித்தால் போய்விடும் என்று நினைத்துவிட்டான் மடையன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான், ஞாயிற்றுக்கிழமை கதவைத் துடைத்தான், ஒரு வார்த்தை பேசியிருக்கியா என்று இவள் கேட்டபோது வாயைத் திறந்து மூடினான். ஊருக்கெல்லாம் தெரியும். ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரியும். அந்தப் பரிதாபப் பார்வை இதற்குத்தான். இவளுக்குக் கழுத்தெல்லாம் சூடாகிக்கொண்டு வந்தது. அது அவன் மேல் கோபமா, வெட்கமா, அழுகையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"உனக்குத் தெரியுமா அக்கா?"

"சொல்லிப் பாத்தேனே," என்றாள் டோன்கா கைப்பையிடம்.

திமோவ் தொண்டையைச் செருமினார். "அம்மா, நான் வக்கீல் இல்லை. ஆனா ஒண்ணு சொல்லிடணும். ருமெனா பேரைச் சொல்லலை. அதுவரைக்கும் ஜனங்க பென்கான்னுதான் நினைச்சிருக்காங்க. சொன்னது உங்களைத்தான்னு காட்டுறது இந்த ஒரு வரியும், அதைப் படிச்சுட்டு அவ சிரிச்ச சிரிப்பும்தான். இந்த வரி இருந்தா கேஸ் நிக்கும். ஆனா அவ வக்கீல் உங்க வீட்டுக்காரரைக் கூண்டுல ஏத்துவான். நாங்க சொல்லலை, நீங்கதானே சொன்னீங்க, உங்களாலதானே உங்க சம்சாரம் பேரு கெட்டுதுன்னு ஊர் முன்னாடி வச்சுக் கேப்பான். ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை கேப்பான்."

"அந்த வரி இல்லாம போட முடியாதா?"

"பாத்ததைப் பாத்தபடி எழுதுறதுதான் என் வேலை. ஒண்ணு முழுசா முத்திரை, இல்லைன்னா கிழிச்சுப் போட்டுடலாம். உங்க இஷ்டம்."

இஸ்க்ரா எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். நிறுத்தி வைத்த படத்தில் ருமெனா உதட்டில் விரலை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சைக் கோட்டின் ரோமம் அவள் தாடையில் உரசிக்கொண்டிருந்தது. இவள் புருஷனின் வாயில் வந்த ஒரே நல்ல வார்த்தையைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அது. இஸ்க்ராவுக்கு ஆறு நாளாக இருந்த ஆத்திரம் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டது. அது தன் பேருக்காக வந்த ஆத்திரம். இது வேறு. ருமெனாவைக் கண்டம் கண்டமாக வெட்டிப் போட வேண்டும், அவள் அழுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு அசெனைக் கூண்டில் ஏற்ற வேண்டும். பேசத் தெரியாதவன், பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

"முத்திரை போடுங்க," என்றாள்.

கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது. திமோவ் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பன்னிரண்டு பக்கத்தையும் நூல் கோத்துக் கட்டி, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டி, முத்திரையை அழுத்தினார். ஒன்று அவருடைய அலமாரிக்குப் போனது. இன்னொன்று இவள் கைக்கு வந்தது.

படியிறங்கி வந்தபோது அசென் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். கையில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பானிட்சா என்கிற அடுக்கு ரொட்டி. முக்குக் கடையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது போலிருக்கிறது, பாலாடைக்கட்டியின் வாசனை தெரு வரை அடித்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.  அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, அவள் உட்கார்ந்ததும் பானிட்சாவை நீட்டினான்.

"சூடா இருக்கு. பாத்து," என்றான்.

அவள் வாங்கினாள். மடியில் காகிதக் கட்டு இருந்தது, அதன் மேலேயே வைத்தாள். டோன்கா பின்னால் ஏறிக்கொண்டாள். அசென் வண்டியைக் கிளப்பி, கடைத்தெரு முடிகிற இடம் வரை மெதுவாக ஓட்டினான். அங்கே சாலை பிரிகிறது. இடது பக்கம் ஆற்றங்கரை, அவர்கள் வீடு. வலது பக்கம் கோர்ட்டு.

பிரேக்கை அழுத்தி நிறுத்தினான். கை இரண்டும் ஸ்டியரிங் மேல். முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்தபடி கேட்டான்.

"வீட்டுக்கா, கோர்ட்டுக்கா?"

பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. அசென் நகரவில்லை, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தான். அவள் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பானிட்சாவின் சுற்றுக் காகிதத்திலிருந்து நெய் கசிந்து, முதல் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளங்கை அகலமானது, முத்திரையின் வட்டத்தைத் தொட்டது. அவள் கை இரண்டும் சும்மாதான் இருந்தன. அவள் பானிட்சாவை எடுக்கவில்லை.